துறுதுறுத்த 11 மாதக் கடுவன் நாய்க்கு வீடு பார்க்கிறது எப்பிடி? (மட்டக்களப்பு / அம்பாறை)

வாவிக்கரை (கல்லடி)

எல்லாருக்கும் வணக்கம். நாயின் விபரத்தை முதல் சொல்றன். கடுவன், 11 மாதம், அல்சேஷனும் ஊர்நாயும் கலந்தது, நிறை 24 கிலோ. விசர்நாய்த் தடுப்பூசி ஒருக்கா போட்டிருக்கு. கருத்தடை செய்யல்ல. வளவு 8 பேர்ச், மதில் நாலரை அடி. அதைப் பாய்வார். பகலில வீட்டில ஆள் இல்ல. தைப்பொங்கலுக்கு முன்னம் மேல்மாடி வாடகை வீட்டுக்கு மாற வேணும், அங்க நாய் வெச்சிருக்க விடமாட்டாங்க. ஆக, மூணு மாதம் கையில இருக்கு.

ஆரையும் கடிச்சதில்ல. வாறவங்க மேல பாயுறது, சைக்கிளைத் துரத்துறது, செருப்பைக் கடிச்சுக் குதறுறது எல்லாம் இருக்கு. பேஸ்புக்கில போட்டா அண்டைக்கே ஆள் வரும் என்டு சிலர், வயலுக்குக் குடுங்க என்டு சிலர். எதை முதல் செய்யுறது, வாற ஆளிட்ட என்னத்தைப் பாக்குறது?


படுவான்கரையான் (வவுணதீவு)

வயலுக்குக் குடுங்க தங்கச்சி. இடம் கிடக்கு, நாள் முழுக்க ஓடட்டும். டவுன்ல கட்டி வெச்சா நாய்க்கு விசர்தான் பிடிக்கும்.


மிருகமருந்து (செங்கலடி)

கட்டி வைப்பதால் விசர் பிடிக்காது அண்ணன். அது வைரஸ். நோயுள்ள விலங்கின் உமிழ்நீர், பெரும்பாலும் கடி வழியாகத்தான் தொற்றும். கட்டியே வளர்த்தால் நாய் சினந்து கடிக்கப் பழகும் என்பது உண்மை. அது வேறு விடயம்.

வாவிக்கரை, ஆள் தேடும் முன் உடல் விடயங்களை முடியுங்கள். மூன்று மாதம் போதும், ஆனால் இந்தக் கிழமையே தொடங்க வேண்டும்.

விசர்நாய்த் தடுப்பூசி ஆண்டுக்கொருமுறை. முதல் ஊசியின் திகதியை அட்டையில் பாருங்கள். அடுத்தது நெருங்கியிருந்தால் கையளிக்கும் முன் போட்டுவிடுங்கள். அரசு இந்த ஊசியை இலவசமாகப் போடுகிறது. உங்கள் பிரிவு சுகாதார வைத்திய அதிகாரி அலுவலகத்தில் அடுத்த நடமாடும் முகாம் எப்போது என்று கேட்டால் சொல்வார்கள். அட்டை நாயோடேயே போக வேண்டும். புது வீட்டில் யாரையாவது பிறாண்டினாலோ கடித்தாலோ ஆஸ்பத்திரியில் முதலில் கேட்பது அந்த அட்டையைத்தான்.

மற்றக் கூட்டு ஊசி (டிஸ்டெம்பர், பார்வோ, கல்லீரல் அழற்சி, எலிக்காய்ச்சல்) போட்டதாக நீங்கள் எழுதவில்லை. நான்கு மாதம் தாண்டிய நாய்க்கு இரண்டு ஊசி, இடையில் 2 முதல் 4 கிழமை. இதைத் தள்ளிப் போடாதீர்கள். பார்வோ கிருமி மண்ணில் மாதக்கணக்கில் இருக்கும். புது வளவில் முன்பு ஒரு குட்டி வயிற்றோட்டத்தில் செத்திருந்தால் உங்கள் நாய் நேரே அதற்குள்தான் போய் நிற்கும். எலிக்காய்ச்சல் பகுதியை எங்கள் பக்கத்தில் ஒருபோதும் விடக்கூடாது. மாரி வெள்ளம் வடிகிற காலத்தில் வயல் செய்கிற மனிதருக்கு வருகிற அதே நோய்தான் நாய்க்கும் வரும், நாயின் சிறுநீரில் இருந்து திரும்ப மனிதருக்கும் வரும்.

கருத்தடை: செய்தால் அடங்கிவிடும் என்பது பாதிதான் சரி. பெட்டை தேடி மதில் பாய்வது, கண்ட இடமெல்லாம் மூத்திரம் அடிப்பது, மற்றக் கடுவனோடு சண்டை, இவை குறையும். செருப்புக் கடிப்பதும் ஆளில் பாய்வதும் குறையாது. அவை வயதும் பழக்கமும். தையல் ஆற 10 முதல் 14 நாள். அந்த நாட்களில் ஓட்டம் கூடாது, காயத்தை நக்க விடாமல் கழுத்தில் கூம்பு போட வேண்டும். அறுவை முடிந்தபின்னும் ஒரு மாதம் வரை கடுவனுக்குக் குட்டி போட வைக்கும் திறன் இருக்கும். ஆகவே கையளிப்பதற்கு ஆறு கிழமை முன்னம் செய்வது நல்லது. இன்னொரு பயன்: கருத்தடை செய்த நாயை இனம் பெருக்கி விற்க எண்ணுகிறவர் கேட்கவே மாட்டார். அல்சேஷன் சாயல் கடுவனுக்கு முதலில் வருகிற போன் அழைப்புகளில் அப்படிப்பட்டவர் கட்டாயம் இருப்பார்.


கச்சான்காற்று (ஏறாவூர்ப்பற்று)

வயல் விஷயத்தை ஒருக்கா விரிவாப் பேசுவம். பாதிப்பேர் அதைத்தான் சொல்லுவாங்க.

வயலுக்கு என்டு கேக்குற ஆளிட்ட "வளவிலயா, வாடியிலயா?" என்டு கேளுங்க. வாடி என்டா வயல் காவலுக்குப் போடுற குடிசை. வயல் செய்யுற குடும்பத்தின்ட வீட்டு வளவு என்டா பிரச்சினையில்ல, நல்ல வீடாவும் இருக்கலாம். வாடிக்கு என்டா வேணாம். பெரும்போகம் வெட்டி முடிஞ்சா வாடியில ஆள் இல்ல. நாய் அங்கதான் கிடக்கும், இல்லாட்டி றோட்டுக்கு வரும். மறுகா உன்னிச்சை, கரடியனாறு, வெல்லாவெளிப் பக்கமெல்லாம் யானை. யானையைப் பாத்துக் குரைக்கிற நாய் ஊருக்கு உதவி. துரத்துற நாய் உபத்திரவம். இளம் நாய் துரத்திக்கிட்டுப் போகும், யானை கிறுகினதும் பயந்து நேரே ஆள் நிக்கிற இடத்துக்குத்தான் ஓடி வரும், பின்னால யானையும் வரும். சைக்கிளைத் துரத்துற நாய் யானையைத் துரத்தாது என்டு ஆரும் உத்தரவாதம் தர ஏலாது.

பன்றிக்கு வைக்கிற வெடி இன்னொரு பக்கம். இரைக்குள்ள மறைச்சு வெச்சிருப்பாங்க, மணத்துக்குப் போய்க் கவ்வுற நாயின் தாடை போயிரும். குளக்கட்டிலயும் வாவிக்கரையிலயும் முதலை. வரம்பில முத்திரைப்புடையன். ஊரில பிறந்து வளந்த நாய் தாயோட திரிஞ்சு இதெல்லாம் பழகும். கல்லடியில 8 பேர்ச்சில வளந்தது பழகுறதுக்குள்ள முடிஞ்சு போயிரும்.


படுவான்கரையான் (வவுணதீவு)

வாடிக்கு வேணாம் என்டதை ஒத்துக்கொள்றன். ஆனா ஆள் இருக்கிற பட்டி வீடு என்டா? மாடு, ஆடு நிக்கிற இடத்தில நாய்க்கு வேலை இருக்கு. வேலை இருக்கிற நாய் செருப்புக் கடிக்காது.


கச்சான்காற்று (ஏறாவூர்ப்பற்று)

வேலை இருக்க வேணும் என்டது சரி அண்ணன். ஆனா கண்டுக்குட்டியைத் துரத்துறது அவருக்கு வேலை இல்ல, விளையாட்டு. அல்சேஷன் ரத்தத்தில சுத்தி வளைச்சு ஓட்டுற குணம் கிடக்கு. பழக்காத நாய் ஓட்டிக்கிட்டுப் போய்க் காலைக் கவ்வும். ஆட்டுப் பட்டியில ஒரு தரம் இரத்தம் கண்டா அந்த நாய்க்கு அங்க இடமில்ல என்டு உங்களுக்கே தெரியும். பட்டி வீடு என்டா முதல் மாதம் முழுக்க கயிற்றில, ஆளோட, மாட்டைத் தூரத்தில இருந்து பாக்க வெச்சுத்தான் பழக்க வேணும். அதுக்கு நேரம் உள்ள ஆள் என்டா குடுக்கலாம்.

இதிலதான் விஷயமே இருக்கு. ரெண்டு ஏக்கர் வளவில தனியா நிக்கிற இளம் நாயும் கேற்றடியிலதான் படுத்துக் கிடக்கும், ஆள் போனாக் குரைக்கும். நாய் தானாத் தனிய ஓடிக் களைக்காது. 10 பேர்ச்சில, காலையிலயும் பின்னேரமும் முக்கால் மணித்தியாலம் செலவழிக்கிற ஆள் இருந்தா அதுதான் பெரிய இடம். வீடு தேடக்குள்ள பேர்ச்சைக் கேக்குறதுக்கு முதல் பகலில ஆர் வீட்டில நிக்கிற என்டு கேளுங்க.


திருக்கோவில்மணல் (தம்பிலுவில்)

மேலே சொன்னதோடு உடன்படுகிறேன். விளம்பரம் பற்றி என் பங்கு.

"இலவசம்", "அவசரம்" என்ற இரண்டு சொல்லையும் போடாதீர்கள். அவசரம் என்று கண்டால் கேள்வி கேட்காமல் தருவீர்கள் என்று எண்ணி வருவார்கள். வாங்கி மறு கிழமை விற்கிறவர்கள் இருக்கிறார்கள். தொகை ஒன்று குறிப்பிடுங்கள், ஊசிச் செலவு அளவுக்கு இருந்தால் போதும். சரியான ஆள் என்று தெரிந்தால் அதை வாங்காமலும் விடலாம்.

குறையை மறைத்து எழுதினால் நாய் பத்து நாளில் திரும்பி வரும். அல்லது அதைவிட மோசமாக, உங்களுக்குச் சொல்லாமல் மூன்றாவது ஆளிடம் போய்விடும். இப்படி எழுதலாம்:

"கடுவன், 11 மாதம், 24 கிலோ, அல்சேஷன் கலப்பு. விசர்நாய் ஊசி, கூட்டு ஊசி, கருத்தடை முடிந்தது, அட்டை உண்டு. ஆளைக் கண்டால் மேலே பாய்வார், பழக்கிக்கொண்டிருக்கிறோம். சைக்கிள், மோட்டார் சைக்கிளைத் துரத்துவார், கயிறு இல்லாமல் றோட்டுக்கு விட முடியாது. நாலரை அடி மதில் பாய்வார், ஆறடி வேண்டும். கோழி, ஆட்டோடு பழகிப் பார்த்ததில்லை. ஐந்து வயதுக்குக் கீழ்ப்பட்ட பிள்ளை உள்ள வீட்டுக்குப் பொருந்தாது, தட்டி விழுத்திவிடுவார். பகலில் ஒருவராவது நிற்கிற வீடு, தினம் இரண்டு நேரம் நடத்தக்கூடியவர் மட்டும். வீடு பார்த்தே தருவோம். சங்கிலியில் கட்டி வைக்கவும் இனப்பெருக்கத்துக்கும் தரமாட்டோம்."

படம் இரண்டு, ஓடுகிற வீடியோ ஒன்று. தூங்குகிற படம் மட்டும் போட்டால் அமைதியான நாய் என்று நம்பி வருவார்கள். வீட்டு விலாசம், கேற், தெருப் பெயர்ப் பலகை எதுவும் படத்தில் விழக்கூடாது.

அழைக்கிறவரிடம் கேட்க வேண்டிய முதல் கேள்வி என்னைப் பொறுத்தவரை இது: "இதுக்கு முதல் நாய் வெச்சிருந்தீங்களா, அதுக்கு என்ன நடந்தது?" வயதாகிச் செத்தது, கடைசிக் காலத்தில் இன்ன டாக்குத்தரிடம் காட்டினோம் என்று விபரமாகச் சொல்கிறவர் வேறு. "ரெண்டும் வாகனத்தில அடிபட்டுட்டு" என்றால் அந்த வீட்டுக் கேற் திறந்தேதான் கிடக்கும். "காணாமப் போயிட்டு" என்று இலேசாகச் சொன்னால் அதற்கு மேல் பேச வேண்டியதில்லை.


அக்கரைமதில் (அக்கரைப்பற்று)

வீடு பாக்கப் போறப்ப இஞ்ச் டேப் ஒன்டு எடுத்துக்கிட்டுப் போங்க. வாயால "உயர மதில்" என்டு சொல்றது அரைவாசி நேரம் அஞ்சடிதான்.

நாலரை அடி பாயுறவர் அஞ்சடியில முன்னங்காலைப் போட்டு ஏறுவார். ஆறடி வேணும். மதில் குறைவு என்டா மேல ஒன்றரை அடிக்குக் கம்பி வலையை உள்பக்கம் சாய்ச்சுப் பிடிக்கலாம், 45 பாகை அளவில. நேரா நிமித்திப் போட்டா அதையும் ஏறுவார். மதிலோட ஒட்டி தண்ணித் தாங்கி, மரக்குத்தி, கல்லுக் குவியல் இருந்தா ஆறடி மூண்டடிதான், அதை அகற்றச் சொல்லுங்க.

கேற்றுக்குக் கீழ இடைவெளி: தலை போனா உடம்பு போகும். நாலு அங்குலத்துக்கு மேல இருந்தா ஒரு பட்டை இரும்பு ஒட்ட வேணும். எங்கட கரையோரம் கல்லடியில இருந்து பொத்துவில் வரைக்கும் மணல். ஒரு ராவில சுரங்கம் தோண்டுவார். வேலியடியில கம்பி வலையை ரெண்டடி அகலத்துக்கு உள்பக்கம் படுக்கையா விரிச்சு மேல மண் போட்டா தோண்டக்குள்ள கால் வலையில முட்டும், விட்டிருவார். ஆழமா நட்டுறதை விட இது லேசு. கதியால் வேலியும் கிடுகு வேலியும் இந்த வயசு நாய்க்குச் சரிவராது.

நாய்க்கூடு இருந்தா அளவைப் பாருங்க. இந்தப் பருமனுக்கு நாலடி நீளம், மூண்டடி அகலம், மூண்டடி உயரம். நிலத்தில இருந்து ஒன்றரை அடி உயத்தி இருக்க வேணும், மார்கழியில தண்ணி நிக்காத வளவு இந்த ரெண்டு மாவட்டத்திலயும் குறைவு. கூரை வெறும் தகரம் என்டா பங்குனி சித்திரையில உள்ள நிக்க ஏலாது. மேல கிடுகு போடச் சொல்லுங்க.

அயல் வீட்டையும் எட்டிப் பாருங்க. ஆரும் சொல்லாத விஷயம் இது. முஸ்லிம் அயல் என்டா, நாயின்ட எச்சில் பட்ட உடுப்போட தொழ ஏலாது, ஏழு தரம் கழுவ வேணும், அதில ஒரு தரம் மண் கலந்து. பள்ளிவாசலுக்குப் போற ஆள் மேல இவர் பாய்ஞ்சா அண்டைக்கே வழக்கு. அதுக்காக அங்க குடுக்கக் கூடாது என்டில்ல. கேற் சாத்தியிருக்கணும், வெளிய எடுக்கக்குள்ள கயிற்றைக் குறுக்கிப் பிடிக்கணும், பாங்கு சொல்லுற நேரத்தில நடத்தப் போகாம இருக்கணும். இதை வாங்குற ஆளிட்ட முதலே சொல்லுங்க.


வாவிக்கரை (கல்லடி)

எல்லாருக்கும் நன்றி. ரெண்டு கேள்வி. பகல் முழுக்க வெளியில ஓடு கம்பியில விட்டா சங்கிலியை விட நல்லமா? மற்றது, அதுவரைக்கும் இவரைக் களைக்க வைக்க என்ன வழி? மோட்டார் சைக்கிளுக்குப் பின்னால ஓட விடச் சொல்றாங்க.


மிருகமருந்து (செங்கலடி)

இரண்டாவதற்கு முதல் பதில்: வேண்டாம். அல்சேஷன் கலப்புக்கு எலும்பு நுனியில் உள்ள வளர்ச்சித் தட்டு மூட 12 முதல் 18 மாதம் வரை ஆகும். தார் றோட்டில் ஒரே வேகத்தில் இழுத்து ஓடவைப்பது மூட்டுக்குக் கேடு. சூடு அதைவிட ஆபத்து. நாய் மூச்சு வாங்கித்தான் சூட்டை இறக்கும், ஓடும்போது அது எட்டாது. வண்டி நிற்காத வரை நாயும் நிற்காது, மயங்கி விழும்வரை ஓடும். எங்கள் பக்கத்து ஈரப்பதத்தில் காலை ஏழுக்கு முன், பின்னேரம் ஐந்தரைக்குப் பின் தான் நடை. றோட்டில் புறங்கையை வைத்து ஏழு செக்கன் பிடிக்க முடியாவிட்டால் நாயின் பாதமும் தாங்காது.

சூடு ஏறிவிட்டால், அதாவது நாக்கு கருஞ்சிவப்பாகி, எச்சில் தடித்து, கால் தள்ளாடினால், நிழலுக்குக் கொண்டுபோய்ச் சாதாரணக் கிணற்றுத் தண்ணீரை உடம்பு முழுக்க ஊற்றி விசிறுங்கள். ஈரச் சாக்கால் மூடி வைக்காதீர்கள், சூடு உள்ளேயே நிற்கும். ஊற்றிக்கொண்டே டாக்குத்தரிடம் போக வேண்டும்.

ஓட்டத்தைக் கூட்டினால் நாய்க்கு மூச்சுப் பலமும் கூடும். அடுத்த மாதம் இரண்டு மடங்கு ஓடக் கேட்கும். மூக்குக்கு வேலை கொடுத்தால்தான் களைக்கும். சிரட்டை பத்துப் பன்னிரண்டு எடுத்து வளவில் கவிழ்த்து வையுங்கள், ஐந்தாறுக்குக் கீழே மட்டும் அவித்த கோழி ஈரல் துண்டு. தேடி எடுக்கட்டும். கால் மணித்தியாலம் இப்படித் தேடினால் ஒரு மணித்தியாலம் படுப்பார். காலைச் சாப்பாட்டில் ஒரு பகுதியை இதற்கே ஒதுக்குங்கள், மேலதிகமாகப் போட்டால் கொழுக்கும். நடத்தும்போதும் இழுத்துக்கொண்டு போகாமல் மணந்து பார்க்க நின்று கொடுங்கள்.

கடிக்கப் பொச்சுமட்டை கொடுக்கலாம் என்பார்கள். பக்கத்தில் இருந்து பார்த்தால் மட்டும். கிழித்துத் துப்புகிற நாய்க்குச் சரி. தும்பை விழுங்குகிற நாய்க்குக் குடல் அடைக்கும், அது அறுவையில் போய் முடியும். சமைத்த கோழி எலும்பும் அப்படித்தான். சில்லாக உடைந்து குத்தும்.


திருக்கோவில்மணல் (தம்பிலுவில்)

ஓடு கம்பி பற்றி: சங்கிலியைவிட ஒரு படி மேல், மதிலைவிட இரண்டு படி கீழ். இரண்டு தென்னைக்கு இடையில் ஆறரை அடி உயரத்தில் 20 அடி கம்பி, அதில் வளையம், வளையத்தில் இருந்து கயிறு. கம்பியின் இரண்டு முனையிலும் மரத்துக்கு மூன்றடி முன்பாகத் தடுப்புக் கட்டி வேண்டும், இல்லாவிட்டால் மரத்தைச் சுற்றிச் சிக்கும். கழுத்துப்பட்டியில் பூட்டாமல் நெஞ்சுப்பட்டியில் பூட்டுங்கள். எட்டும் தூரத்தில் மதில் இருக்கவே கூடாது, பாய்ந்து மறுபக்கம் தொங்கிவிடும். ஆள் வீட்டில் நிற்கும்போது ஒரு மணித்தியாலம் விடலாம். பகல் முழுக்க விடுவதற்கு அது இல்லை.

ஆளில் பாய்வதை இந்த மூன்று மாதத்தில் குறைக்கலாம். முழங்காலால் இடிப்பதும் கத்துவதும் அவருக்கு விளையாட்டாகத்தான் படும். பாய்ந்தால் ஆள் திரும்பி நிற்க வேண்டும், கை, கண், சொல் எதுவும் கொடுக்கக் கூடாது. நாலு காலும் நிலத்தில் பட்ட அந்தக் கணத்திலேயே தடவிக்கொடுங்கள். வீட்டில் ஒருவர் மட்டும் பாய விட்டுக் கொஞ்சினாலும் எல்லாம் வீண். வழக்கமாக இதில் கெடுக்கிறது வருகிற விருந்தாளிதான்: "பரவால்ல பரவால்ல" என்று சிரித்துக் கொண்டே தடவுவார். வருகிறவருக்குக் கேற்றடியிலேயே சொல்லி வையுங்கள்.

தனியே இருக்கப் பழக்குவதும் வேண்டும். முதல் ஐந்து நிமிடம் அறைக்குள் விட்டுத் திரும்பி வாருங்கள், பிறகு பத்து, இருபது. புது வீட்டார் முதல் நாளே கடைக்குப் போனால் ஊளையிட்டுக் கதவைப் பிறாண்டும் நாய்தான் முதல் கிழமையே திரும்பி வரும்.


உப்புக்காற்று (காரைதீவு)

திகதி பற்றி ஒரு சொல். டிசம்பர் 31 இரவு வெடி. பொங்கலுக்கும் வெடி. புது இடத்துக்கு வந்த முதல் ரெண்டு மூணு கிழமையில வெடிச் சத்தம் கேட்டாத்தான் நாய் பாய்ஞ்சு ஓடித் தொலையும், திரும்பி வரப் பாதையும் தெரியாது. அதனால டிசம்பர் முதல் கிழமைக்குள்ள குடுத்திருங்க. ஏலாட்டி 31 அன்டைக்கும் பொங்கலண்டைக்கும் பின்னேரம் அஞ்சு மணியில இருந்தே உள்ளறையில பூட்டி வைக்கச் சொல்லிக் குடுங்க.


அக்கரைமதில் (அக்கரைப்பற்று)

ஓம், அது நல்ல பொயின்ட். கொண்டு போற நாளைப் பத்தியும் ஆராவது சொல்லுங்க. ஆட்டோவில கொண்டு போறதுதான் நம்மட ஆக்கள் செய்யுறது.


திருக்கோவில்மணல் (தம்பிலுவில்)

ஆட்டோ என்றால் இரண்டு பேர். ஒருவர் நாயைக் கால்களுக்கு இடையில் இருத்தி நெஞ்சுப்பட்டியைப் பிடிக்க வேண்டும், கயிற்றை ஆட்டோக் கம்பியில் கட்டக் கூடாது. கட்டியிருக்கும்போது பாய்ந்தால் தொங்கும். கழுத்துப்பட்டியும் நெஞ்சுப்பட்டியும் இரண்டும் போட்டு, இரண்டையும் ஒரே கயிற்றில் பூட்டுங்கள். பயந்த நாய் பின்னுக்கு இழுத்தால் கழுத்துப்பட்டி தலையால் கழன்றுவிடும். பட்டிக்கும் கழுத்துக்கும் நடுவில் இரண்டு விரல் மட்டும் போகவேண்டும். ஏற்றுவதற்கு ஐந்து மணித்தியாலம் முன்னம் சாப்பாடு நிறுத்துங்கள், தண்ணீர் கொடுக்கலாம்.

காலையிலேயே கொண்டுபோனால் இருட்டுவதற்குள் வளவைச் சுற்றிப் பார்த்துவிடும். இரவில் இறக்கினால் விடியும்வரை குரைப்புத்தான், அயலவர் முதல் நாளே முகம் சுளிப்பார்கள்.

கூட அனுப்ப வேண்டியவை: ஊசி அட்டை, படுத்த சாக்கு அல்லது சாரம் (தோய்க்காமல், மணம் வேண்டும்), சாப்பாட்டுக் கோப்பை, ஐந்து நாளைக்கான அதே சாப்பாடு. சோறும் மீனும் தின்றவருக்குத் திடீரென்று பைக்கற் தீன் போட்டால் மறுநாளே கழியும். அது நோய் என்று எண்ணிப் பயப்படுவார்கள். முதலில் கால் பங்கு புதிது, பிறகு அரை, முக்கால் என்று ஒரு கிழமையில் மாற்றச் சொல்லுங்கள்.

ஒரு துண்டில் நாய்க்குத் தெரிந்த சொற்களை எழுதிக் கொடுங்கள். "இரு", "வா", "விடு", "உள்ள போ" என்று நீங்கள் சொல்கிற அதே மாதிரி. அம்பாறை ரவுனில் சிங்களக் குடும்பம் எடுத்தால் அவர்கள் வேறு சொல் சொல்வார்கள், நாய் முழிக்கும், சொல்வழி கேட்காத நாய் என்று முடிவு கட்டிவிடுவார்கள். முதல் மாதம் பழைய சொல்லையும் புதுச் சொல்லையும் சேர்த்துச் சொன்னால் மாறிக்கொள்ளும்.

முதல் இரண்டு கிழமை மதிலுக்குள்ளேயும் நீளக் கயிற்றோடுதான். முதல் நாள் குளிப்பாட்ட வேண்டாம், சொந்தக்காரர் எல்லாரையும் கூப்பிட்டுக் காட்டவும் வேண்டாம்.


மிருகமருந்து (செங்கலடி)

இதோடு ஒன்று. உடம்பில் ஒளிந்திருந்த உண்ணிக்காய்ச்சல் இடம் மாறிய களைப்பில் தலைதூக்கலாம். சாப்பிடாமை, ஈறு வெளிறுதல், சிறுநீர் தேயிலைச் சாயம் போல் கறுத்தல், இவற்றில் ஒன்று கண்டாலும் "ஏங்குது" என்று விட்டுவிடாமல் இரத்தம் சோதிக்கச் சொல்லுங்கள். ஏக்கம் என்றால் இரண்டு மூன்று நாளில் மெல்லச் சாப்பிடத் தொடங்கும். கையளிக்கும் முன் காதுக்குள், விரல் இடுக்கு, பட்டிக்குக் கீழே பார்த்து, நிறைக்கேற்ற உண்ணி மாத்திரையும் பூச்சி மாத்திரையும் கொடுத்துத் திகதியை அட்டையில் எழுதுங்கள். மாட்டுக்கு அடிக்கிற உண்ணி மருந்தை நாய்க்கு ஊற்றுகிற வழக்கம் எங்கள் பக்கத்தில் இருக்கிறது. செறிவு வேறு. வலிப்பு வந்து சாகிறது. புது வீட்டில் மாடு இருந்தால் இதைத் தனியாக எடுத்துச் சொல்லுங்கள்.


வாவிக்கரை (கல்லடி)

எழுத்தில ஏதும் வாங்க வேணுமா? தெரிஞ்ச ஆக்களுக்குள்ள பேப்பர் கேட்டா கோவிப்பாங்களே.


கச்சான்காற்று (ஏறாவூர்ப்பற்று)

தெரிஞ்ச ஆள் என்டாத்தான் கட்டாயம் வேணும். தெரியாத ஆளோட பிணக்கு வந்தா போனை வெச்சிரலாம், சொந்தத்துக்குள்ள வந்தா கலியாண வீட்டில முகம் பாக்க ஏலாது. அரைப் பக்கம் போதும். நாயின் அடையாளம், திகதி, ரெண்டு பேரின் பேர், அடையாள அட்டை இலக்கம், கையெழுத்து. "14 நாள் பாத்துச் சரிவராட்டி திருப்பித் தரலாம், அதுக்குப் பிறகும் வெச்சிருக்க ஏலாட்டி முதல் எங்களுக்குத்தான் சொல்ல வேணும், வேற ஆளுக்குக் குடுக்கக் கூடாது." இந்த வரிதான் முக்கியம். ஆளுக்கொரு பிரதி. உள்ளூராட்சி சபையில நாய்ப் பதிவு எடுத்திருந்தா அதையும் புது ஆளின் பேரில மறு வருசம் எடுக்கச் சொல்லுங்க. அது 1901இல இருந்து உள்ள சட்டம், ஆரும் தேடுறதில்ல என்டாலும் கடி வழக்கு வந்தா அப்பத்தான் கேப்பாங்க.

14 நாளுக்குள்ள நீங்க திருப்பி எடுக்க ஏலாத நிலையில இருந்தா அந்த வரி வெறும் எழுத்து. அதனால வீடு மாறுறதுக்கு முதல் கிழமையில குடுக்கிற வேலை வேணாம்.


படுவான்கரையான் (வவுணதீவு)

கிட்ட ஊருக்குக் குடுத்தா நாய் திரும்பி பழைய வீட்டுக்கே வரும். வந்தா என்ன செய்யுற?


கச்சான்காற்று (ஏறாவூர்ப்பற்று)

வந்தா கேற்றுக்குள்ள எடுத்துக் கயிற்றில கட்டுங்க, தண்ணி குடுங்க. சாப்பாடு வேணாம், கொஞ்சலும் வேணாம். புது ஆளுக்கு உடன போன் அடிச்சு அவரையே வந்து கூட்டிக்கிட்டுப் போகச் சொல்லுங்க, நீங்க கொண்டு போய் விடாதீங்க. ஓடி வந்தா இறைச்சியும் சவாரியும் கிடைக்கும் என்டு படிச்சா கிழமைக்கு ஒருக்கா வரும். பாலத்தைக் கடந்து வாற நாய் என்டா வழியில அடிபடுறதுக்கு இடமிருக்கு, அதனால குடுக்கிற அன்டைக்கே கழுத்துப்பட்டியில உங்கட நம்பருக்குப் பக்கத்தில புது ஆளின்ட நம்பரையும் அழியாத மையால எழுதி விடுங்க. மூணு மாதம் போனப் பிறகு உங்கட நம்பரை எடுக்கலாம்.